மதிலுக்குள் ஒரு மைதானம்

முப்பதாயிரம் பேர் படிக்கும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில், பல்கலைக்கழக அணியின் சட்டை போட்டுப் பிற பல்கலைக்கழகங்களோடு மோதும் வீரர்கள் ஆயிரம் பேரைத் தாண்டுவது அரிது. அவர்களுக்குப் பயிற்சியாளர், மருத்துவர், உதவித்தொகை, தொலைக்காட்சி நேரலை எல்லாம் உண்டு. மீதமுள்ள இருபத்தொன்பதாயிரம் பேருக்கும் உடம்பு இருக்கிறது, களைப்பு இருக்கிறது, விளையாடும் ஆசையும் இருக்கிறது. அவர்களுக்காக இயங்குவதுதான் வளாக விளையாட்டு மற்றும் நலவாழ்வுத் துறை. தனி இயக்குநர், தனிக் கட்டடம், தனி நிதி, நூற்றுக்கணக்கான பணியாளர்கள் என்று ஒரு சிறு நகராட்சியைப் போல அது நடக்கிறது. மாணவர்கள் அதைச் சுருக்கமாக 'ரெக்' என்பார்கள்.

எங்கிருந்து தொடங்கியது

மாணவர்களின் உடல்நலம் கல்லூரியின் பொறுப்பு என்ற எண்ணத்துக்கு அமெரிக்காவில் உருவம் கொடுத்த இடங்களில் முதன்மையானது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி. 1861-இல் அங்கே உடற்கல்வி, சுகாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற மருத்துவர் எட்வர்ட் ஹிட்ச்காக், மரத்தாலான இலேசான டம்பெல்களைக் கொண்டு எல்லா மாணவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். அவர்களின் உயரம், எடை, மார்பளவு ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்து பதிந்தார். சிறந்த வீரனைத் தேடி அவர் அளக்கவில்லை. ஒவ்வொரு மாணவனின் உடலும் எப்படி இருக்கிறது என்று அறிய விரும்பினார்.

இதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களைக் கூடத்துக்குள் ஆடவைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த சிக்கல். அங்கே பயின்ற ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பி.டி. வாத்தியார் என்ற பதவி வேர்விட்டதில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு.

கல்லூரி அணிகள் புகழ்பெறப் பெற, சாதாரண மாணவர் பார்வையாளராக ஒதுங்கத் தொடங்கினார். அதற்கு மாற்றாக, 1913-இல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் வளாகத்துக்குள்ளேயே நடக்கும் போட்டிகளுக்கென்று தனிப் பொறுப்பாளர்களை நியமித்தன. 'இன்ட்ராமியூரல்' என்று இப்போட்டிகளுக்குப் பெயர். 'மதில்களுக்குள்' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தது அது. மிச்சிகனில் இத்துறையை வளர்த்த எல்மர் மிட்செல் 1925-இல் இதற்கென ஒரு நூலே எழுதினார். 1928-இல் அங்கே இன்ட்ராமியூரல் விளையாட்டுகளுக்காக மட்டுமே ஒரு பெரிய கட்டடம் எழுந்தது.

இத்துறையினரின் தேசிய அமைப்பு பிறந்த கதையும் குறிப்பிடத்தக்கது. 1950-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் வாசன் அழைத்த கூட்டத்தில் அது தொடங்கியது. டில்லார்ட், கறுப்பின மாணவர்களுக்காக உருவான பல்கலைக்கழகம். கூடியவர்களும் அத்தகைய கல்லூரிகளைச் சேர்ந்த ஆண்களும் பெண்களுமே. இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த காலத்தில், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கூடி, 'எல்லோருக்கும் விளையாட்டு' என்ற கொள்கைக்கு ஓர் அமைப்பைத் தந்தார்கள். 1972-இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்து, பெண்களுக்கும் மைதானத்தில் சம இடம் கேட்கும் உரிமையைக் கொடுத்தது.

பணம் யாருடையது

ரெக் மையத்தின் செலவில் பெரும்பகுதி மாணவர் கட்டணத்திலிருந்தே வருகிறது. ஒவ்வொரு செமஸ்டரும் படிப்புக் கட்டணத்தோடு இதுவும் வசூலாகிறது. வந்தவரும் கட்டுகிறார், வராதவரும் கட்டுகிறார். புதிய கட்டடம் வேண்டுமென்றால் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களிடமே வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஆசிரியர், ஊழியர்களின் உறுப்பினர் சந்தா, கூட வாடகை, கோடைக்கால முகாம்கள் ஆகியவற்றிலிருந்தும் கொஞ்சம் வருவாய் உண்டு.

மாணவர் பணம் என்பதால் ஒவ்வொரு செலவுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 2017-இல் தன் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளின் வடிவிலேயே, மாணவர்கள் மிதந்து செல்ல ஒரு நீர்க்கால்வாயைத் திறந்தபோது, இது தேவையா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. கண்ணைக் கவரும் வசதிகள் புதிய மாணவர்களை ஈர்க்கலாம். ஆனால் கட்டடம் திறந்த மறுநாளிலிருந்து மின்சாரம், துப்புரவு, பழுது என்று செலவு தொடர்கிறது. ஓட்டப்பயிற்சிப் பொறி தேய்கிறது, மேப்பிள் மரத்தரைக்கு மெருகு போட வேண்டும், ஏசி வடிகட்டி மாற்ற வேண்டும். எந்த ஆண்டு எந்தக் கருவியை மாற்றுவது என்ற அட்டவணையும் அதற்கான சேமிப்பும் இல்லாத மையம், ஐந்தாறு ஆண்டுகளில் 'பழுது' என்று தாள் ஒட்டிய கருவிகளால் நிறைந்துவிடும்.

எழுபத்தொன்பது ஆட்டங்கள்

இத்துறையின் உயிர்நாடி இன்ட்ராமியூரல் லீக்தான். அதை நடத்துவது முதலில் ஒரு கணக்கு. கூடைப்பந்துக்கு நாற்பது அணிகள் பெயர் கொடுத்திருப்பதாகக் கொள்ளலாம். எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதுவதென்றால் 780 ஆட்டங்கள் வேண்டும். தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் முறையில் 39 ஆட்டங்களே போதும். ஆனால் ஏறத்தாழப் பாதி அணிகள் ஒரே ஒரு ஆட்டத்தோடு வீடு திரும்பும். வாரக்கணக்கில் காத்திருந்து, ஷூ வாங்கி, நண்பர்களைத் திரட்டி வந்தவர்கள் நாற்பது நிமிடத்தில் வெளியேறுவார்கள். அவர்கள் அடுத்த ஆண்டு வரமாட்டார்கள்.

ஆகவே நான்கு நான்கு அணிகளாகப் பத்துப் பிரிவுகள் அமைக்கப்படுகின்றன. பிரிவுக்கு ஆறு ஆட்டம் வீதம் அறுபது ஆட்டங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பெறும் இருபது அணிகள் நாக்-அவுட்டில் ஆடும்போது மேலும் பத்தொன்பது. மொத்தம் 79. எந்த அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி. மூன்று ஆட்டக்களங்கள், மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் ஓர் இரவில் 15 ஆட்டங்கள் முடியும். ஆறு இரவுகளில் லீக் முழுவதும் அடங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு இரவு என்றால் மூன்றே வாரம். தேர்வுகளுக்கு இடையே இந்த மூன்று வாரத்தைப் பொருத்துவதுதான் பொறுப்பாளரின் திறமை.

ஆண்கள், பெண்கள், இருபாலர் என்றும், கடும்போட்டிப் பிரிவு, பொழுதுபோக்குப் பிரிவு என்றும் அணிகள் பிரிக்கப்படுகின்றன. பள்ளியில் மாநில அளவில் ஆடியவரும் முதன்முதலாகப் பந்தைத் தொடுபவரும் ஒரே களத்தில் மோதினால் இருவருக்குமே மகிழ்ச்சி இருக்காது. பல இடங்களில் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நடுவர் இரு அணிகளின் நடத்தைக்கும் மதிப்பெண் இடுகிறார். எல்லா ஆட்டத்திலும் வென்றிருந்தாலும், நடத்தை மதிப்பெண் குறைந்த அணிக்கு அடுத்த கட்டம் கிடையாது. வெறும் அறிவுரை சாதிக்காததை இந்த விதி சாதிக்கிறது.

லீக் தவிர, மாணவர்களே தலைவர், பொருளாளர் தேர்ந்தெடுத்து நடத்தும் விளையாட்டுச் சங்கங்கள், யோகா, ஜும்பா போன்ற கூட்டு வகுப்புகள், மலையேற்றப் பயணங்கள், சும்மா வந்து ஆடிவிட்டுப் போகும் நேரங்கள் ஆகியவையும் இத்துறையின் பொறுப்பே.

அந்த முதல் நிமிடங்கள்

ஓர் ஆட்டத்தின் நடுவே ஒரு மாணவர் மோதலின்றியே சுருண்டு விழுகிறார். மூச்சு இல்லை. இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் கரைகிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது. களத்தில் இருக்கும் ஒரு பணியாளர் மண்டியிட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில், நெஞ்சு ஐந்து சென்டிமீட்டராவது அமிழும்படி அழுத்தத் தொடங்குகிறார். இரண்டாமவர் மின்னதிர்ச்சி தருவதற்காகச் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.இ.டி. கருவியை எடுக்க ஓடுகிறார். மூன்றாமவர் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கிறார். நான்காமவர் வாசலுக்குச் சென்று நிற்கிறார். ஆம்புலன்ஸ் எந்தக் கதவுக்கு வர வேண்டும் என்று காட்ட ஆள் இல்லாவிட்டால் பெரிய கட்டடத்தில் அதற்கே பல நிமிடம் வீணாகும்.

இந்த நால்வரும் பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயது மாணவர்களே. யார் எதைச் செய்வது என்பது எழுதிவைக்கப்பட்டு, முன்னறிவிப்பில்லாத ஒத்திகைகளால் கைப்பழக்கமாகிறது. நீச்சல்குளத்தில் தண்ணீர் நாளுக்குப் பலமுறை சோதிக்கப்படுகிறது. குளோரின் பத்து லட்சத்துக்கு ஒரு பங்காவது இருக்க வேண்டும், பி.எச். அளவு 7.0 முதல் 7.8-க்குள் நிற்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. பி.எச். ஏறினால் குளோரின் இருந்தும் கிருமியைக் கொல்லும் வேகம் குறைகிறது. திறந்தவெளி மைதானத்தில் இடி கேட்டால் ஆட்டம் நிற்கும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் அமைதியாகக் கழிந்தால்தான் மீண்டும் தொடங்கும்.

வேலையும் ஒரு பாடம்

முழுநேர ஊழியர்கள் சிலரே. வரவேற்பு மேசை, உயிர்காப்பு, நடுவர் பணி, வகுப்பு நடத்துதல் என்று பெரும்பாலான வேலைகளை மாணவர்களே ஊதியத்துக்குச் செய்கிறார்கள். பல வளாகங்களில் மாணவர்களுக்கு அதிக வேலை தரும் துறைகளுள் இதுவும் ஒன்று. எஃப்-1 மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டு மாணவர்கள் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம் என்பதால், அவர்களுக்கும் இங்கே இடம் கிடைக்கிறது.

இதில் கடினமானது நடுவர் வேலை. தன்னோடு ஒரே வகுப்பில் உட்காருபவரின் தவற்றுக்கு விசில் ஊத வேண்டும். கோபத்தோடு நெருங்கும் அணித்தலைவரிடம் குரல் உயர்த்தாமல் முடிவைச் சொல்ல வேண்டும். விதிகளைக் கற்றுக்கொடுப்பது ஒரு வார வேலை. இந்த நிதானத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு பருவம் முழுக்க மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உடம்பைத் தாண்டி

நோயில்லாதிருப்பது மட்டுமே நலம் ஆகாது, அதைவிட உயர்ந்த நிலை ஒன்று உண்டு என்று 1961-இல் ஒரு நூலின் வழியே வாதிட்டார் மருத்துவர் ஹால்பர்ட் டன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்ட் வளாகத்தில் பணியாற்றிய மருத்துவர் பில் ஹெட்லர், 1976-இல் நலவாழ்வை உடல், உணர்வு, அறிவு, சமூகம், தொழில், ஆன்மிகம் என்று ஆறு பரிமாணங்களாக வகுத்தார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் பொருளாதாரம், படைப்பாற்றல், சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் சேர்த்து ஒன்பதாக்கியது. கடன் கவலையில் தூங்காதவருக்கு டம்பெல் மட்டும் உதவாது என்பது இதன் உட்பொருள்.

ஆகவே உறக்கம், மன அழுத்தம், மது, உணவு, செலவுக் கணக்கு பற்றிய பயிலரங்குகளும் இத்துறையின் வேலையாகின்றன. பயிற்சி பெற்ற சக மாணவர்களே இவற்றை நடத்தும்போது கேட்பவருக்குக் கூச்சம் குறைகிறது. ஆனால் எல்லை தெரிந்திருக்க வேண்டும். நலவாழ்வுப் பணியாளர் சிகிச்சையாளர் அல்லர். தற்கொலை எண்ணம், உணவுக் கோளாறு போன்ற அறிகுறி தெரிந்தால் மனநல ஆலோசனை மையத்துக்குக் கூடவே அழைத்துப்போய் ஒப்படைப்பதுதான் சரியான வழி. தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஓடி ஓடி மெலியும் மாணவியை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் ஜிம் பணியாளரே. அதைப் பாராட்டாகப் பேசாமல் எச்சரிக்கையாக உணர அவருக்குப் பயிற்சி வேண்டும்.

வராதவர் யார்

வாசலில் அடையாள அட்டையைத் தேய்க்கும்போதெல்லாம் வருகை பதிவாகிறது. ஆண்டுக்கு இத்தனை லட்சம் வருகை என்று அறிக்கையில் போட்டுக்கொள்ள அது உதவும். ஆனால் ஒரே மாணவர் இருநூறு முறை வந்தாலும் அது இருநூறுதான். நல்ல நிர்வாகம் அந்தப் பதிவைச் சேர்க்கைப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு முறைகூட வராதவர் யார் என்று பார்க்கிறது.

காரணங்கள் பலவாக இருக்கும். எடைப்பயிற்சிக் கூடத்தில் ஆண்கள் கூட்டத்தைக் கண்டு திரும்பிவிடும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு அறிமுக வகுப்பு வைக்கலாம், வேறோர் அறையில் இன்னொரு தொகுதி டம்பெல் வைக்கலாம். பகலில் படித்து மாலையில் கடையில் நிற்பவருக்கு இரவு நேரம் திறந்திருக்க வேண்டும். கிரிக்கெட் மட்டுமே ஆடத் தெரிந்த தெற்காசிய மாணவருக்கு ஒரு டென்னிஸ் பந்தும் வார இறுதியில் ஒரு மைதானமும் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கு வழி திறந்ததில் இல்லினாய் பல்கலைக்கழகம் முன்னோடி. இரண்டாம் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பியவர்களும் சேர்ந்து படித்த நாளில், டிமொத்தி நூஜென்ட் அங்கே சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணியை அமைத்தார். 1949-இல் அதற்குத் தேசிய அளவிலான போட்டியும் நடத்தினார்.

கனடாவின் கெலோனா நகரில் 2015-இல் உருவான ஒகனாகன் சாசனம், நலவாழ்வு ஒரு துறையின் வேலையாக நின்றுவிடாமல் பல்கலைக்கழகத்தின் எல்லா முடிவுகளிலும் கலந்திருக்க வேண்டும் என்கிறது. தேர்வு அட்டவணை, விடுதி உணவு, நடைபாதை, விளக்கு எல்லாமே அதில் அடங்கும்.

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைப்பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மைதானம், கருவி, கற்றுத்தருபவர், சேர்ந்து ஆட நண்பர்கள் என நான்கும் நடந்துபோகும் தூரத்தில் ஒன்றாகக் கிடைக்கும் இடம் பலருக்குக் கல்லூரி வளாகத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த நான்கு ஆண்டுகளில் பிடித்த பழக்கம் பிறகு ஒரு தெருமுனையிலோ மொட்டை மாடியிலோகூடத் தொடரும். அப்படித் தொடருகிறவர்களில், பட்டம் பெறும்வரை எந்த அணிச் சட்டையும் அணியாதவர்கள் எத்தனை பேர் என்பதே இத்துறையின் உண்மையான கணக்கு.