ஒரு மீட்டருக்கு இரண்டு அடுப்படி ஏன்?

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் எப்போதும் முப்பத்தைந்து மார்க்தான். அப்படிப்பட்ட நான், ஒரு நாற்பது பக்க நோட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு இரண்டு குடும்பத்தின் கரண்ட் பில்லைக் குறைத்த கதையைத்தான் எழுதுகிறேன். வாடகைக்கு இருப்பவர்களும் சரி, வாடகைக்கு விட்டிருப்பவர்களும் சரி, அவசியம் படியுங்கள்.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர்கள், மேலே நாங்கள். என் வீட்டுக்காரர் மதுரையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறார். வாங்கும் சம்பளத்தில் வாடகை, மளிகை, மகளின் படிப்பு, சீட்டுப் பணம் எல்லாம் போய் மாதக் கடைசியில் கையில் நிற்பது நூறோ இருநூறோதான்.

2022 மே மாதம் கேஸ் சிலிண்டர் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். "இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக்க, கேஸ் மிச்சமாகும்" என்று பக்கத்து வீட்டு மதினி சொல்ல, தீபாவளிச் சீட்டுப் பணத்தில் ஒன்று வாங்கிவிட்டேன். பால், டீ, வெந்நீர், குழம்பு எல்லாம் அதில். சாதமும் இட்லியும் மட்டும் கேஸில். நாற்பத்தைந்து நாளில் தீர்கிற சிலிண்டர் எழுபத்தைந்து நாள் வந்தது. எனக்கு ஒரே பெருமை!

அந்தப் பெருமை தை மாதம் வரைக்கும்தான். எங்களுக்குத் தனி மீட்டர் கிடையாது. மாடிக்கு ஒரு சப் மீட்டர். அதில் ஓடுகிற யூனிட்டுக்கு வீட்டுக்கார அக்காவிடம் பணம் கொடுக்க வேண்டும். முன்பு யூனிட்டுக்கு ஆறு ரூபாய். 2022 செப்டம்பர் 10-ல் மின் கட்டணம் ஏறியதும் எட்டு ரூபாய் ஆக்கிவிட்டார். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடுகிற எங்கள் சப் மீட்டர், இண்டக்‌ஷன் வந்த பிறகு 280 காட்டியது. எட்டால் பெருக்கினால் 2,240 ரூபாய்!

அன்று ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இண்டக்‌ஷனால் கூடியது 80 யூனிட், அதற்கு 640 ரூபாய். கேஸில் மிச்சமானது இரண்டு மாதத்துக்கு அரை சிலிண்டருக்குக் கொஞ்சம் மேலே. சிலிண்டர் 1,100 ரூபாய் என்று வைத்தாலும் 600 ரூபாய்க்குள்தான் வருகிறது. அடுப்பு வாங்கிய காசும் போய், மாதா மாதம் நஷ்டமும்!

அப்போதுதான் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று சொன்னார்களே, அந்த இலவசம் எங்கே போனது? அக்காதான் எங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இவரிடம் சொன்னேன். "வேற வீடு பாத்துட்டுப் போயிருவோம்" என்றார். மகளுக்கு அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சாமானைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஒரு வாரம் அக்கா முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. கோலம் போடும்போது கூடத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன்.

மகள்தான் சொன்னாள். "அம்மா, சண்டை போடுறதுக்கு முன்னாடி கார்டைக் கேட்டுப் பாரும்மா." சின்னப் பெண்ணுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை. மறுநாள் கீழே போய், "அக்கா, தப்பா நினைக்காதீங்க, கரண்ட் கார்டைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டேன். அக்கா முகம் சுருங்கியது. இருந்தாலும் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த வெள்ளை அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 680 யூனிட். பில் 3,470 ரூபாய்! நான் கொடுத்த 2,240 போக, மீதியை அக்கா தன் கையிலிருந்து கட்டியிருக்கிறார். "நான் என்னத்தா லாபம் பாத்தேன்? ஊர்ல எல்லாரும் எட்டு வாங்குறாங்கன்னு நானும் வாங்குனேன். பில்லு அம்புட்டு வருது, நான் என்ன செய்ய?" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

பிறகு இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து கட்டண அட்டவணையைப் பார்த்தோம். சகோதரிகளே, இதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். கரண்டுக்கு ஒரே விலை கிடையாது. அது மாடிப்படி மாதிரி. ஏற ஏற ஒவ்வொரு படிக்கும் விலை கூடும்.

2022-ல் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் முதல் 100 இலவசம் மட்டும் நிற்கும், அந்த 2 ரூபாய் 25 காசு சலுகை போய்விடும். 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு. 501-லிருந்து 8 ரூபாய், 601-லிருந்து 9 ரூபாய், 801-லிருந்து 10 ரூபாய், ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 510 ஓடினால் 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்!

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அக்கா வீட்டுக்கு 400 யூனிட், எங்களுக்கு 280 யூனிட். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நடுப்படியில் நிற்கிற குடும்பங்கள். ஒரே மீட்டரில் சேர்ந்ததால் இரண்டு பேரும் மேல்படிக்கு ஏறிவிட்டோம். 100 யூனிட் இலவசமும் இரண்டு குடும்பத்துக்கு ஒன்றுதான்.

தனித்தனி மீட்டர் இருந்தால்? நோட்டில் போட்டுப் பார்த்தேன். அக்காவின் 400 யூனிட்டுக்கு 1,125 ரூபாய். எங்கள் 280 யூனிட்டுக்கு 585 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,710 ரூபாய். கட்டியதோ 3,470! தப்பாக இருக்கும் என்று மூன்று தடவை போட்டேன். அதேதான் வந்தது. என்னிடம் 2,240 வாங்கியும் அக்கா தன் கையிலிருந்து கட்டியது 1,230. தனி மீட்டர் போட்டால் என்னிடம் ஒரு பைசா வாங்காமலே அவருக்கு 1,125-தான் வரும். நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் என்னால் பில் ஏறுகிறது என்று நினைத்தார். இரண்டு பேருமே ஏமாறவில்லை, கணக்குத்தான் பார்க்கவில்லை.

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் போனில் ஒத்துக்கொள்ளவில்லை. "குடியிருக்கிறவங்களுக்குத் தனி மீட்டர் கொடுத்தா நாளைக்கு வீட்டையே கேப்பாங்கம்மா" என்றாராம். அந்தச் சமயம்தான் மின் இணைப்போடு ஆதார் எண்ணைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு வதந்தி. அவர் பயப்பட்டதிலும் தப்பில்லை. வீடு என்பது ஒரு ஆயுசு உழைப்பு அல்லவா?

நான் இவரையும் கூட்டிக்கொண்டு கீழே போனேன். "தம்பிகிட்ட சொல்லுங்கக்கா. மீட்டர் உங்க பேர்லயே இருக்கட்டும். உங்க ஆதாரே இருக்கட்டும். பில்லை மட்டும் நாங்க கட்டுறோம். வாடகைப் பத்திரத்துல அதையும் எழுதிக்கோங்க. ஆகுற செலவுல பாதி என்னோடது" என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாதிச் செலவுக்குக் காசு எங்கே என்று அவர் பார்வை கேட்டது. என் காதில் கிடந்த தோடு பதில் சொன்னது. அடகு வைத்துவிட்டேன்.

மகள்தான் கம்ப்யூட்டர் சென்டருக்கு அக்காவோடு போய் விண்ணப்பித்தாள். வீட்டு வரி ரசீது, அக்காவின் ஆதார் எல்லாம் கொடுத்தோம். மாடிக்குத் தனி வாசல் இருக்கிறதா, தனி அடுப்படி இருக்கிறதா என்று வந்து பார்த்தார்கள். எங்களுக்கு வெளியே படிக்கட்டு இருந்தது நல்லதாகப் போனது. ஒயரிங் வேலை, மீட்டர் பலகை, அலுவலகத்தில் கட்டியது எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. தண்ணீர் மோட்டார் அக்கா மீட்டரில் ஓடுவதால் அதற்கு மாதம் நூறு ரூபாய் தனியாகக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். கணக்கு கணக்காக இருந்தால்தான் உறவு உறவாக இருக்கும் என்று கையில் வைத்துவிட்டு வந்தேன்.

நாலாவது பில் வருவதற்குள் தோட்டை மீட்டுவிட்டேன். மகள் பரீட்சையை அதே வீட்டில், அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படித்து எழுதினாள். அக்காதான் தினமும் அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தார்.

சரி, கேஸா, இண்டக்‌ஷனா? இதற்கும் அந்த மாடிப்படிதான் பதில். என் அனுபவத்தில் ஒரு சிலிண்டர் செய்கிற வேலைக்கு இண்டக்‌ஷனில் ஏறக்குறைய 150 யூனிட் ஆகிறது. யூனிட் 4 ரூபாய் 50 காசு என்றால் 675 ரூபாய். 8 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். சிலிண்டர் 1,100 விற்றபோது, கீழ்ப்படியில் நிற்பவருக்கு இண்டக்‌ஷன் லாபம், மேல்படியில் நிற்பவருக்கு நஷ்டம். அதே அடுப்பு, அதே குழம்பு!

விலைகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில் சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைத்தார்கள். 2024 மகளிர் தினத்தன்று இன்னும் 100 குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ஏறியது. கரண்ட் கட்டணமும் 2024 ஜூலையில் ஏறியது. அதனால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பில்லையும் உங்கள் சிலிண்டர் விலையையும் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

நான் கடைப்பிடிக்கும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ரீடிங் எடுத்த தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். 400-ஐ நெருங்கினால் இண்டக்‌ஷனுக்கு ஓய்வு, கேஸ் அடுப்புக்கு வேலை. அடுத்த ரீடிங் நாள் தள்ளிப்போனால் யூனிட் கூடிப் படி மாறிவிடலாம். அதனால் ஆள் வராவிட்டால் உடனே விசாரிப்பேன்.

ஆயிரம் வாட்ஸ் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டாயிரம் வாட்ஸ் வாட்டர் ஹீட்டருக்கு அரை மணி நேரமே போதும். இஸ்திரியை வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகப் போடுவேன்.

புது வீடு கட்டும் சகோதரிகள், கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பை வேலை முடிந்ததும் வீட்டுக் கட்டணத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். தற்காலிக இணைப்புக்குக் கட்டணம் மிக அதிகம்.

கரண்டுக்கு நாம் வேறு கம்பெனி தேட முடியாது. ஆனால் கேஸுக்கு, ஏஜென்சி சரியில்லை என்றால் அதே ஊரில் வேறு ஏஜென்சிக்கு மாறிக்கொள்ள 2014 முதல் நிறைய ஊர்களில் வசதி செய்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் இல்லை. அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவும் இல்லை. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருந்தால் நான் ஒரு நல்ல அக்காவை இழந்திருப்பேன். உங்கள் வீட்டிலும் ஒரு மீட்டருக்கு இரண்டு அடுப்படி இருந்தால், இன்றைக்கே திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

- ஒரு வாசகி, நாகமலை புதுக்கோட்டை, மதுரை.