காய்ச்சல் இறங்கும் நேரம்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவிரவாக விழித்திருந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். சூடு தணிந்தால்தான் நமக்கும் மூச்சு வரும். ஆனால், டெங்குக் காய்ச்சலில் சூடு தணியும் அந்த நேரமே ஆபத்தான நேரம். ஏன் அப்படி என்பதை அறியக் குருதிக்குள் நடப்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

கரு உள்ள ஒவ்வொரு கலத்திலும் ஏறத்தாழ 20,000 பரம்பரை அலகுகள் உள்ளன. மரபணு என்றும் சொல்வார்கள். வீட்டில் எல்லா விளக்கையும் எந்நேரமும் எரியவிடுகிறோமா? அதுபோல இவற்றிலும் தேவையானவை மட்டுமே இயங்கும், மற்றவை அணைந்திருக்கும்.

நுளம்பு கடித்து உட்புகும் டெங்கு வைரசு முக்கியமாக வெண்குருதிக் கலங்களையே பிடிக்கிறது. காவற்காரரையே பிடிக்கும் கள்ளன் அது. வைரசை இனங்கண்ட கலம், அணைந்திருந்த சில அலகுகளை இயக்கி இன்டர்பெரோன் என்னும் புரதத்தைச் சுரக்கும். 1957இல் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டறிந்த பொருள் இது. அயற் கலங்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. அது கிடைத்ததும் அவற்றில் நூற்றுக்கணக்கான அலகுகள் இயங்கி, வைரசு பெருகுவதைத் தடுக்கும் புரதங்களை உண்டாக்கும். காய்ச்சலும், அடித்துப் போட்டதுபோன்ற உடல்நோவும் பெரும்பாலும் இத்தகைய சுரப்புகளால் வருபவையே.

வைரசும் சும்மா இருப்பதில்லை. எச்சரிக்கையைக் கலத்தின் கருவுக்குக் கொண்டுசெல்லும் புரதம் ஒன்றை அது அழித்துவிடும். செய்தி வாசலோடு நின்றுவிடும்.

டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து சுகமானவருக்கு இன்னொரு வகை தொற்றினால், பழைய பிறபொருளெதிரிகள் புதிய வைரசை முடக்க முடியாமல், அதை வெண்குருதிக் கலத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. அப்போது தொற்றிய கலங்கள் பெருகும். அழற்சியைத் தூண்டும் அலகுகளும் மும்முரமாக இயங்கும். அந்தச் சுரப்புகளால் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர் இளகி, குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசியும். பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் இது நடக்கிறது. நெற்றி குளிர்ந்தும் பிள்ளை சோர்ந்து கிடப்பது இதனால்தான்.

2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர்.

கடும் வயிற்றுநோ, தொடர் வாந்தி, முரசிலோ மூக்கிலோ குருதி, கைகால் குளிர்தல், சலம் குறைதல், மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் வேறு பெரியவர் இல்லாத தாய்க்கு இது இலேசான காரியமல்ல. மற்றப் பிள்ளைகளை யாரிடம் விடுவது, வாகனத்துக்கு யாரைக் கேட்பது என்பதைக் காய்ச்சல் தொடங்கிய அன்றே அயலவரோடு பேசி வையுங்கள். சூட்டுக்குப் பரசிற்றமோல் மட்டும், பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். அஸ்பிரினும் புறூபனும் குருதிப்பெருக்கைக் கூட்டும்; அவை வேண்டாம்.