சாரல் அடிச்சாலும் வெயில் வெயில்தான்!

"நம்ம ஊர்ல என்ன பாஸ் வெயில்? மலைக்காத்து சும்மா ஜில்லுனு வீசுது!" - ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இப்படி பந்தா விடுற ஆளா நீங்க? கொஞ்சம் உஷார்!

சூடு வேற, புற ஊதாக் கதிர் வேற. மலைக்காத்து வியர்வையை ஆத்தும், கதிரைத் தடுக்காது. லேசான மேகம் இருந்தாலும் 80 சதவீதம் வரை இறங்கிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிச்சுட்டு, மறுநாள் கண்ணாடி முன்னாடி "அய்யோ, கறுத்துட்டேனே!"ன்னு அலறுறது இதனாலதான்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். உங்க நிழல் உங்க உயரத்தைவிடக் குட்டையா இருக்கா? அப்போ கதிர் பலமா இருக்குன்னு அர்த்தம். குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை, துப்பட்டா எதுவானாலும் ஓகே. முகத்துக்கும் கழுத்துக்கும் எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன். வெளியிலேயே இருந்தா 2 மணி நேரத்துக்கு ஒருதடவை மறுபடி தடவணும்.

நிஜமான வில்லன் அடுத்து வர்றார். "ஒரே வாரத்துல கலர் வந்துடும்"னு ஃப்ரெண்ட் கைகாட்டுற க்ரீம்! அதுல ஸ்டீராய்டு இருக்கலாம். முதல்ல பளபளக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, பரு கிளம்பி, வெயில் பட்டாலே எரியும். 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு 2018-லேயே மத்திய அரசு விதி போட்டாச்சு.

வெயில்ல வந்த கறுப்பு, வெயிலைக் குறைச்சா மெல்ல மங்கிடும். பிறந்த கலரோ நோயே இல்லை. அந்த மெலனின்தான் உங்க முதல் குடை. ரெண்டாவது குடையை மறக்காம பையில வைங்க மக்கா!