விசில் யார் கையில்?

விளையாட்டு மைதானத்தில் நடுவராக நிற்பவர் ஒரு நீதிபதிக்குச் சமமானவர். நீதிபதியிடம் நாம் எதிர்பார்ப்பது அறிவு, நிதானம், பக்கச்சார்பின்மை ஆகியவற்றையே. ஆனால் விளையாட்டுலகில் நெடுங்காலமாக இவற்றுக்கு முன்பாக வேறொரு கேள்வியே கேட்கப்பட்டது: "அவர் ஆணா, பெண்ணா?"

பெண்களின் போட்டிகளிலும் இதுவே நிலைமை. 1991இல் சீனாவில் நடைபெற்ற முதலாவது மகளிர் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியை நடத்தியவர் ஓர் ஆண். 1995இல்தான் சுவீடன் நாட்டு இங்கிரிட் ஜோன்சன் என்ற பெண்மணிக்கு அந்தப் பொறுப்புக் கிடைத்தது. ஆண்களின் உலகக் கிண்ணத்திலோ 2022 வரை பெண் நடுவர் எவரும் இருக்கவில்லை.

அவ்வாண்டு கட்டாருக்குத் தெரிவான 36 நடுவர்களில் மூவர் பெண்கள். பிரான்ஸின் ஸ்டெபானி பிரப்பார், ருவாண்டாவின் சலிமா முகன்சங்கா, ஜப்பானின் யொஷிமி யமஷிட்டா ஆகியோரே அவர்கள். டிசம்பர் 1ஆம் திகதி ஜேர்மனியும் கொஸ்டாரிக்காவும் மோதிய ஆட்டத்தைப் பிரப்பார் நடத்தினார். உதவி நடுவர்கள் இருவரும் பெண்களே. இரு அணிகளுக்கும் அது வாழ்வா சாவா என்ற ஆட்டம். ஜேர்மனி 4-2 என வென்றும் தொடரிலிருந்து வெளியேறியது.

சலுகையா, தகைமையா?

"பெண் என்பதற்காகக் கொடுத்த சலுகைதானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்றிருந்த சர்வதேச விதியைப் பாருங்கள். ஆண் நடுவர் 40 மீற்றரை 6 செக்கனுக்குள் ஆறு முறை ஓட வேண்டும். பின்னர் 75 மீற்றர் ஓட்டத்துக்கு 15 செக்கன், 25 மீற்றர் நடைக்கு 18 செக்கன் என்று நாற்பது தடவை! பெண்களுக்கு இதைவிடச் சற்று இலகுவான அளவு உண்டு. ஆயினும் ஆண்களின் போட்டியை நடத்த விரும்பும் பெண், ஆண்களுக்குரிய அளவிலேயே தேற வேண்டும்.

பிரப்பாரும் ஒரே நாளில் அங்கு வந்துவிடவில்லை. 2014இல் பிரான்ஸின் இரண்டாம் பிரிவு, 2019இல் முதற் பிரிவு, அதே ஆண்டில் ஐரோப்பிய சுப்பர் கிண்ணம், 2020இல் சம்பியன்ஸ் லீக் என்று படிப்படியாகவே ஏறினார்.

தப்பெண்ணத்தின் தோல்வி

2011இல் இங்கிலாந்தில், சியான் மாஸி என்ற பெண் உதவி நடுவருக்கு ஓஃப்சைட் விதி தெரியாது என்று தொலைக்காட்சியைச் சேர்ந்த இருவர் ஆட்டம் தொடங்குமுன்பே எள்ளி நகையாடினர். அன்று அவர் அளித்த சிக்கலான ஓஃப்சைட் தீர்ப்புச் சரியானதென மறு ஒளிபரப்புக் காட்டியது. வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

அனுபவமே நடுவரை உருவாக்குகிறது. பெரிய ஆட்டங்களைக் கொடுக்காமலே "அனுபவம் போதாது" என்று ஒருவரைத் தள்ளிவிட்டால், அதற்குத் தகைமை பார்த்தல் என்று பெயர் சூட்டலாமா?

நமது நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. 2023 ஏப்ரலில் டுனிடினில் இலங்கையும் நியூசிலாந்தும் ஆடிய ஆண்கள் ரி20 போட்டியில் கிம் கொட்டன் கள நடுவராக நின்றார். முழு அங்கத்துவ நாடுகள் இரண்டு மோதிய அத்தகைய போட்டியில் ஒரு பெண் கள நடுவரானது அதுவே முதற் தடவை. 2025 மகளிர் உலகக் கிண்ண கிரிக்கெட்டில் நடுவர்கள் அனைவரும் பெண்களே. அவர்களில் இலங்கையின் நிமாலி பெரேராவும் ஒருவர்.

பரீட்சையின்றிப் பதவி கொடுத்தால், அது பெறுபவருக்கே இழுக்கு. பரீட்சைக்கே அனுமதியாவிட்டால், அது அநீதி. எல்லோருக்கும் ஒரே அளவுகோலும், அதை எட்டுவதற்கு ஒரே வாய்ப்பும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் சமத்துவம் வெறும் சொல்லாகவே எஞ்சும்.