சுவர் இருந்தால்தான் மாத்திரை வேலை செய்யும்! ஒரு கண்ணாடித் தட்டு சொன்ன கதை

காய்ச்சல் என்றதும் டாக்டரிடம் போகாமல், மெடிக்கலில் நான்கு அமாக்சிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உடம்புக்குள் போகும் அந்த மாத்திரை உண்மையில் எதை உடைக்கிறது தெரியுமா? பாக்டீரியாவின் சுவரை!

செல் சுவர் என்றதும் பள்ளிப் பாடத்தில் வந்த செடியின் செல்லுலோஸ்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால், சுவர்களில் பல ரகம் உண்டு. அதில் மூன்று ரகம் ஒரே தட்டில் சந்தித்துக்கொண்டது 1928 செப்டம்பரில்.

லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனை. விடுமுறை முடிந்து வந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், ஆய்வகத்தில் விட்டுப்போன தட்டுகளைப் பார்க்கிறார். ஒன்றில் பூஞ்சணம் பூத்திருக்கிறது. அழுகிய எலுமிச்சையில் பச்சையாகப் பிடிக்குமே, அதற்குச் சொந்தக்கார பூஞ்சை. அதன் பக்கத்தில் இருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் மட்டும் கரைந்துபோயிருந்தன. பென்சிலின் பிறந்த கதை இதுதான்.

தட்டில் பரப்பியிருந்த ஜெல்லி, அகார். சிவப்புக் கடற்பாசிகளின் செல் சுவரிலிருந்து எடுப்பது. நோன்புக் காலத்தில் செய்யும் 'கடல்பாசி' இனிப்பும் இதில்தான். ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகார் தயாரிக்கத்தான் போகிறது.

அடுத்து பாக்டீரியாவின் சுவர், பெப்டிடோகிளைக்கான். சர்க்கரை இழைகளைக் குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகளால் குறுக்கே முடிச்சுப்போட்ட வலை. செல்லுக்குள் சரக்கு அடர்த்தி அதிகம் என்பதால் வெளியே இருக்கும் தண்ணீர் முட்டிக்கொண்டு உள்ளே வரும். வெடிக்காமல் காப்பாற்றுவது இந்த வலைதான். பாக்டீரியா வளர வளர வலையையும் பின்னிக்கொண்டே போக வேண்டும். முடிச்சுப் போடும் நொதியைப் பென்சிலின் போய்ப் பிடித்துக்கொள்கிறது. வலை பலவீனமாகி, பாக்டீரியா வெடித்துவிடுகிறது.

சரி, பென்சிலினைச் சுரந்த பூஞ்சைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதன் சுவர் கைட்டினும் குளூக்கானும். கைட்டின் என்றால் இறால் ஓட்டில் இருக்கிறதே, அதேதான். பென்சிலின் தடுக்கும் முடிச்சு அங்கே கிடையாது. மனித செல்லுக்கோ சுவரே இல்லை, மெல்லிய சவ்வு மட்டும்தான். ஆனால், பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கு இது ஆபத்து.

இப்போது அந்த மெடிக்கல் மாத்திரைக்கு வருவோம். ஃப்ளூவும் டெங்குவும் வைரஸ். அதற்குச் செல்லே கிடையாது, பிறகு எங்கே சுவர்? படர்தாமரை பூஞ்சை, அங்கேயும் வேலைக்கு ஆகாது. நுரையீரலைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாதான், ஆனால் சுவரில்லாத விசித்திரப் பிறவி. காசநோய்க் கிருமியோ சுவரில் மெழுகு பூசிக்கொண்டு மருந்தை லேசில் உள்ளே விடாது. வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவருள்ள பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. பென்சிலினையே வெட்டிப்போடும் நொதியைச் சில வகைகள் சுரக்கின்றன. 1945-ல் நோபல் உரையிலேயே ஃப்ளெமிங் எச்சரித்தார்: பென்சிலினை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் காலம் வரலாம்; அப்போது விவரம் தெரியாமல் குறைந்த அளவில் எடுத்து, கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடும் ஆபத்து இருக்கிறது என்று.