கரியும் நரேனும் ஒரே தடத்தில் ஓடினால்

1969-இல் மியாமியில் ஒரு ஸ்டூடியோவுக்குள் இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் கேமராவுக்காக மோதினார்கள். ஒருவர் ராக்கி மார்சியானோ. 49 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 1956-இல் ஓய்வு பெற்றவர். படப்பிடிப்பின்போது வயது 45. இன்னொருவர் முகமது அலி. வயது 27. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டு, மேடையேற முடியாமல் இருந்தார். இருவரும் தங்கள் உச்சத்தில் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார் என்பதை என்.சி.ஆர். 315 என்ற கணினி கணக்குப் போட்டுச் சொல்லும்; அதற்கேற்பக் காட்சிகளை ஒட்டிப் படமாக்குவார்கள். மார்சியானோ எடையைக் குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு நடித்தார். படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில் விமான விபத்தில் இறந்தும் போனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் படம் ஓடியபோது, 13-வது சுற்றில் அலி விழுந்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார்.

கணினிக்குள் போனவை வல்லுநர்கள் போட்ட மதிப்பெண்கள். வேகம் இவ்வளவு, குத்தின் வலு இவ்வளவு, அடிதாங்கும் திறன் இவ்வளவு என்று மனிதர்கள் எழுதித் தந்ததைத்தான் அது கூட்டிக் கழித்தது. ஆனால் அந்த இருவருக்கும் நடுவே ஒரு நிஜப் பாலம் இருந்தது. ஆர்ச்சி மூர் என்ற வீரர் 1955-இல் மார்சியானோவோடு மோதி, இரண்டாவது சுற்றில் அவரைக் கீழே தள்ளி, ஒன்பதாவதில் தோற்றார். அதே மூர் 1962-இல் அலியிடம் நான்காவது சுற்றில் தோற்றார். அப்படியானால் அலிதான் பெரியவரா? நடுவில் ஏழு ஆண்டுகள் போய்விட்டன. மூர் நாற்பதைத் தாண்டிவிட்டார். பாலம் நிஜம், அதன் ஒரு முனை மட்டும் இறங்கிவிட்டது.

கோவையில் இந்தக் கேள்வியைக் கார்ப் பந்தயத்தை வைத்துத்தான் கேட்க வேண்டும். கரியா, நரேனா? கரி என்றால் எஸ். கரிவரதன். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களின் நாயகன். சொந்தமாகக் கார் வடிவமைத்தவர். 1995-இல் சிறு விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். நரேன் கார்த்திகேயன் 1977-இல் பிறந்து, 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். கரி மறைந்தபோது நரேனுக்கு 18 வயது. இருவரும் அவரவர் உச்சத்தில் ஒரே தடத்தில் நின்றதே இல்லை.

குத்துச்சண்டையைவிட இது சிக்கலான கணக்கு. குத்துச்சண்டையில் மேடையேறுவது உடம்பு மட்டும். இங்கே நடுவில் ஓர் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அதன் பங்கு எவ்வளவு என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1950 முதல் 2014 வரை நடந்த ஃபார்முலா ஒன் பந்தயங்களை எடுத்து, ஓட்டுநர் வேறு, அணி வேறு என்று பிரித்துப் பார்த்ததில், முடிவைத் தீர்மானிப்பதில் அணியின் பங்கு ஓட்டுநரின் பங்கைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு என்று வந்தது. மழை பெய்து தடம் வழுக்கும்போது ஓட்டுநரின் பங்கு கூடுகிறது. காரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் முதலிடம் அர்ஜென்டினாவின் ஹுவான் மனுவேல் ஃபாங்கியோவுக்கு. ஐந்து உலகப் பட்டங்களை நான்கு வெவ்வேறு நிறுவனங்களின் காரில் வென்றவர் அவர். காரை மாற்றினாலும் வெற்றி கூடவே வந்தால், வெற்றி யாருடையது என்பதில் சந்தேகம் குறைந்துவிடுகிறது.

வெறும் முடிவுப் பட்டியல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நரேனே சாட்சி. ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 5. அத்தனையும் 2005-இல் இண்டியானாபொலிஸில், ஒரே நாளில் கிடைத்தவை. டயர் பிரச்சினையால் மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள் ஒதுங்கிக்கொள்ள, மீதி ஆறு கார்கள்தான் ஓடின, நரேன் நான்காவது. அந்த 5 அவர் திறமையைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரே அணியில், ஒரே காரில், ஒரே நாளில் ஓட்டிய சக ஓட்டுநரைப் பார்க்க வேண்டும். 2011 அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீ. எச்.ஆர்.டி. அணியின் ஒரு காரில் நரேன், மற்றொன்றில் டேனியல் ரிக்கார்டோ. நரேன் 17-வதாக முடித்தார். ரிக்கார்டோ அவருக்குப் பின்னால் 18-வது. இந்த ரிக்கார்டோதான் பின்னாளில் எட்டு கிராண்ட் பிரீ வென்றவர். 17 என்ற எண்ணை நம்மில் பலர் ஏமாற்றத்தோடு படித்தோம். படித்திருக்க வேண்டியது அதற்கு அடுத்த வரியை. ஒரு பந்தயத்தை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனால் காரைக் கழித்துவிட்ட ஒப்பீடு என்பது இதுதான்.

இங்கிருந்துதான் எனக்கு வியப்பு தொடங்குகிறது. கொங்கு நாட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால், ஊர் கேட்டு, மாமன் வழி மச்சான் வழி கேட்டு, இலை எடுப்பதற்குள் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைப் போலவே நரேனிலிருந்து கிளம்பிப் பாருங்கள். 2012-இல் எச்.ஆர்.டி.யில் அவரோடு ஓட்டியவர் பெட்ரோ டி லா ரோசா. டி லா ரோசா 2001-இல் ஜாகுவார் அணியில் எடி இர்வைனோடு ஓட்டியவர். இர்வைன் 1996 முதல் ஃபெராரியில் மைக்கேல் ஷூமாக்கரோடு. ஷூமாக்கர் 1991-இல் பெனட்டனில் நெல்சன் பிக்கேயோடு. பிக்கே 1979-இல் பிரபாமில் நிக்கி லாடாவோடு. லாடா 1977-இல் ஃபெராரியில் கார்லோஸ் ராய்ட்டமானோடு. ராய்ட்டமான் 1972-இல் பிரபாமில் கிரஹாம் ஹில்லோடு. ஹில் 1961-இல் பி.ஆர்.எம். அணியில் டோனி புரூக்ஸோடு. புரூக்ஸ் 1957-இல் வான்வாலில் ஸ்டிர்லிங் மாஸோடு. மாஸ் 1955-இல் மெர்சிடிஸில் ஃபாங்கியோவோடு.

பத்தே கண்ணிகள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடமிருந்து ஃபாங்கியோ வரை போய்ச் சேர்ந்துவிட்டோம். இன்றைய பக்கம் திரும்பினால் தூரம் இன்னும் குறைவு: நரேனோடு ரிக்கார்டோ, ரிக்கார்டோவோடு 2016 முதல் ரெட் புல்லில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன். இரண்டே கண்ணி. ஷெஃபீல்டு கணக்கின் அடித்தளமும் இப்படி ஓட்டுநர்கள் அணி விட்டு அணி மாறியதுதான். யாரும் மாறாமலே இருந்திருந்தால் காரையும் ஆளையும் பிரித்தெடுக்க வழியே இருந்திருக்காது.

கண்ணிகள் எல்லாம் ஒரே உறுதியானவை அல்ல. 1991-இல் பிக்கேவுக்கு 39 வயது, ஷூமாக்கருக்கு 22. 1972-இல் ஹில்லுக்கு 43, ராய்ட்டமானுக்கு 30. ஆர்ச்சி மூரின் கதைதான் இங்கும். அதனால் வயதையும் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிழையும் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு கண்ணியிலும் சுற்றுக்குப் பத்தில் ஒரு விநாடி முன்பின் தவறலாம் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கண்ணிக்கு அது ஒரு விநாடியாக ஆகிவிடாது. சில தவறுகள் இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் விழுந்து ஒன்றையொன்று கொஞ்சம் அடித்துவிடும். பத்தின் வர்க்கமூலம், அதாவது சுமார் மூன்று மடங்கு, 0.3 விநாடிதான் வரும். கேட்கச் சின்னது. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் பத்தில் ஒரு விநாடிக்குள் கார் நாலு மீட்டர் போய்விடும், ஏறக்குறைய ஒரு காரின் நீளம். 0.3 விநாடி என்றால் மூன்று கார் நீளம். உலக சாம்பியனையும் சராசரி ஓட்டுநரையும் பிரிக்கிற இடைவெளி பல நேரம் அதற்குள்தான் இருக்கிறது.

இயந்திரத்தைக் கணக்கில் கழிப்பதற்குப் பதில் தடத்திலேயே கழித்துவிட்டால்? கரி செய்தது அதைத்தான். மாருதி 800-இன் எஞ்சினைப் பின்னால் வைத்து, ஒரே வடிவில், ஓர் இந்தியக் குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில், ஒற்றை இருக்கைக் கார்களைக் கோவையில் கட்டினார். ஃபார்முலா மாருதி பிறந்தது. ஒரே எஞ்சின், ஒரே சேஸி, ஒரே டயர். இப்படிப்பட்ட ஒரே ரகப் பந்தயங்களில் எஞ்சினுக்கு முத்திரை வைப்பார்கள்; ஓட்டுநரையும் காரையும் சேர்த்து எடை மேடையில் ஏற்றுவார்கள். ஃபார்முலா ஒன்னில் பத்துக் கிலோ கூடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி போகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. பத்துக் கண்ணியில் சேர்ந்த பிழையும் அவ்வளவுதான்; அந்த அளவு வித்தியாசம் இங்கே எடை மேடையிலேயே தீர்ந்துவிடுகிறது. பணக்கார வீட்டுப் பையனும் பட்டறைக்காரர் மகனும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், வித்தியாசம் பிரேக் மிதிக்கிற இடத்தில் மட்டும்தான் தெரியும். ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் பாடுபட்டு உண்டாக்குகிற சமநிலையை, பந்தயம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் கரி உண்டாக்கிவிட்டார். அவர் போன பிறகு எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் அந்த வேலையை எடுத்து நடத்தினார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த தடத்துக்கு கரி மோட்டார் ஸ்பீடுவே என்று பெயர்.

நரேன் தன் முதல் பந்தயத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டியது ஃபார்முலா மாருதி கார்தான். கரியையும் நரேனையும் இணைக்கிற முதல் கண்ணி அந்தக் கார். மற்ற கண்ணிகள் மனிதர்கள்: சோழவரத்தில் கரியோடு மோதிவிட்டு, பிறகு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அடுத்த தலைமுறையோடும் மோதிய ஓட்டுநர்கள். அன்றைய சுற்று நேரங்கள் சங்கங்களின் கோப்புகளிலும், பழைய மெக்கானிக்குகளின் நோட்டுப் புத்தகங்களிலும், வீட்டுப் பரண்களிலும் எங்கெங்கே இருக்கின்றனவோ, அவற்றை இப்போதே தேடி எடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஓட்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, கையெழுத்தைப் படித்துச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. செய்தால், கரிக்கும் நரேனுக்கும் நடுவே கண்ணிகள் மூன்று நான்கைத் தாண்டாது என்பது என் கணிப்பு. மூன்று நான்கு கண்ணி என்றால் பிழை ஏறத்தாழ இரண்டு மடங்குதான். ஃபாங்கியோவுக்குப் போகும் பாதையைவிட இது எவ்வளவோ உறுதியான பாதை.