'சக்ரோசாங்ற்': புனிதமானதா, மீறக்கூடாததா?



ஆங்கில வாசிப்புப் பந்தியில் 'சக்ரோசாங்ற்' என்ற சொல்லைக் கண்டதும் உங்களிற் பலர் 'புனிதமான' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறீர்கள். அது பாதி விடையே. 'எவரும் மீறவோ மாற்றவோ கூடாத' என்பதே இதன் முழுப்பொருள்.

1. சொல் பிறந்த கதை

இது இலத்தீன் சொல். 'புனிதச் சடங்கினால் காக்கப்பட்டது' என்பது இதன் மூலப்பொருள். மரபுப்படி கி.மு. 494 இல், உயர்குலத்தாரின் கொடுமையும் கடன் சுமையும் தாங்காத உரோமின் சாதாரண மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். பின்னர் தம்மைப் பாதுகாக்கத் 'திரிபியூன்' எனும் பதவியினரைத் தெரிவு செய்தனர். திரிபியூனிடம் படை இல்லை. ஆனால் அவர்மீது கை வைப்பவனைக் கொல்வோம் என மக்கள் சத்தியம் செய்தனர். அந்தச் சத்தியமே அவருக்குக் கவசம். ஆயினும் கி.மு. 133 இல், ஏழைகளுக்குக் காணி பகிர முயன்ற திரிபியூன் திபேரியஸ் கிராக்கஸை செனற்சபையினர் அடித்துக் கொன்றனர். மீறக்கூடாதது என்பது, மனிதர் மதிக்கும்வரைதான் மீறப்படாமல் இருக்கும் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

2. வேறுபாடு

'சேக்ரட்' என்பது வழிபாட்டுக்குரியது: கோயில், வேதநூல். 'சக்ரோசாங்ற்' என்பது பெரும்பாலும் விதி, உரிமை, வாக்குறுதி, வழக்கம் ஆகியவற்றைக் குறிக்கும். 'அப்பாவின் மத்தியானத் தூக்கம் சக்ரோசாங்ற்' என்று பகிடியாகவும் சொல்லலாம்.

3. கவனிக்க

- இது பெயரடை. 'நதிங் இஸ் சக்ரோசாங்ற்' என்றால் 'மாற்றக்கூடாதது என்று எதுவுமில்லை' என்பது பொருள்.
- இதன் முன் 'வெரி' சேர்ப்பது பொருந்தாது. மீறக்கூடாததில் கூடக் குறைய இல்லை.
- எழுத்துகள்: எஸ், ஏ, சி, ஆர், ஓ, எஸ், ஏ, என், சி, ரி. பின்பாதியில் வரும் 'சி'யை விட்டுவிடாதீர்கள்.

4. பயிற்சி

பொருத்தமான சொல்லைத் தெரிவு செய்க.
(அ) தலதா மாளிகை பௌத்தர்களுக்கு ______ இடம்.
(ஆ) வாக்காளரின் இரகசியம் ______. அதை எவரும் மீற முடியாது.

விடை: (அ) சேக்ரட் (ஆ) சக்ரோசாங்ற்

இரண்டும் சரியாக வந்தால் இச்சொல் இனி உங்களுடையது.